காய்க்காரரா, தரைக்கடையா, ஆக்கிரமிப்பா? தெரு வியாபாரியின் பெயரில் என்ன இருக்கு?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் எடுத்து, தொப்பம்பட்டி பக்கம் ஊர் ஊராக வண்டியில் விற்பவருக்கு ஒரே பெயர் கிடையாது. வீட்டு வாசலில் அவர் ‘காய்க்காரர்’. பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் ‘தரைக்கடை’. அரசு நோட்டீஸில் ‘சாலையோர வியாபாரி’. ஜேசிபி வரும் அன்னைக்கு மட்டும் ‘ஆக்கிரமிப்பு’.

ஆங்கிலத்தில் ‘ஹாக்கர்’. பருந்தைக் குறிக்கும் ‘ஹாக்’ என்ற சொல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வட ஜெர்மனி வட்டாரப் பேச்சில் சில்லறை வியாபாரியைக் குறித்த சொல் அது. இந்தியில் ‘ஃபேரிவாலா’, அதாவது சுற்றி வருபவர். தமிழ்தான் இதில் சுவாரஸ்யம். ‘பகர்தல்’ என்றால் சொல்லுதல், விற்றல் இரண்டுமே. பூவும் சாந்தும் விற்றபடி வீதியில் திரிந்தவர்களைச் சிலப்பதிகாரம் ‘பகர்வனர்’ என்கிறது. கூவி விற்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நாம மறந்த ‘அங்காடி’யும் சிங்கப்பூரில் உயிரோடு இருக்கு, அங்கே ஹாக்கர் சென்டருக்குத் தமிழ்ப் பெயர் ‘உணவங்காடி நிலையம்’.

சரி, பெயரில் என்ன வந்தது? 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், ஹாக்கர், பெட்லர் மட்டுமில்லாமல் அந்தந்த வட்டாரத்தில் வழங்கும் இணையான பெயர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆக, தரைக்கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் சட்டப்படி தெரு வியாபாரிகள்தான். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றணும்னா 30 நாள் நோட்டீஸ் தரணும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும். தெருவில் வியாபாரம் செய்வது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

இங்கேதான் ஒரு சின்ன வார்த்தை இடிக்குது. சட்டத்தின் முகப்பிலேயே ‘நகர்ப்புற’ தெரு வியாபாரிகள் என்று இருக்கு. பொறுப்பும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற அமைப்புகளிடம். தொப்பம்பட்டி ஊராட்சி ஒன்றியத்துக் கிராமங்களில் காய் விற்பவருக்கு விற்பனைக் குழுவும் இல்லை, சான்றிதழும் இல்லை.

கடன் விஷயத்தில் மட்டும் ஒரு வழி உண்டு. 2020-ல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில், நகராட்சி எல்லைக்குள் வந்து விற்கும் சுற்றுவட்டாரக் கிராமத்து வியாபாரியும் பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம். முதல் கடன் 10 ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2025-ல் அதை 15 ஆயிரமாக உயர்த்தி, திட்டத்தையும் 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் தரைக்கடை போட்டால் கேட்கலாம். அதே காயை ஊருக்குள் கொண்டுபோய் விற்றால், இந்தக் கதவு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.