சால்டர் வைத்தால் மட்டும் போதுமா?

இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் சென்னை ரிச்சி தெருவைத் தேடிப் போவது பொறியியல் மாணவர்களிடம் பழகிப்போன ஒன்று. காசு கொடுத்தால் போர்டு கையில் வந்துவிடும். வைவாவில் இரண்டு கேள்வி, அவ்வளவுதான்! அந்த போர்டில் ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டால், எது போனது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

இதற்கு நல்ல மருந்து ஹைதராபாத்தில் பிறந்தது. அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம் 2000களின் முற்பகுதியில் வடிவமைத்த பிட்எக்ஸ்-20 என்ற வானொலிக் கருவிதான் அது. 14 மெகாஹெர்ட்ஸில் பேசவும் கேட்கவும் செய்யும். சக்தி சுமார் 6 வாட். வெளிநாட்டுக் கருவி வாங்க வசதியில்லாதவரும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை.

ஆனால் எல்லாப் பாகங்களையும் ஒரே மூச்சில் பற்றவைத்துவிட்டு சுவிட்சைப் போட்டால், பெரும்பாலும் மிஞ்சுவது மௌனம் அல்லது புகை! ஒவ்வொரு பகுதியாகக் கட்டி, ஒவ்வொன்றையும் சோதித்துப் போவதே முறை. மின்சாரம் கொடுக்கும் முன்பே, 12 வோல்ட் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். முதலில் எல்எம்386 ஐசி உள்ள ஒலிப்பகுதி. வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் ஸ்பீக்கர் உறுமும். உறுமினால் அந்தப் பகுதி பாஸ். அடுத்து 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர். பக்கத்தில் ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவை அதே இடத்தில் வைத்தால், ஆசிலேட்டர் ஓடும்போது ரேடியோவின் இரைச்சல் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஆசிலாஸ்கோப் இல்லாமலேயே விடை கிடைக்கிறது. அனுப்பும் பகுதிக்கு வரும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு. அரசின் ஹாம் உரிமம் இல்லாமல் காற்றில் ஒரு வார்த்தைகூட அனுப்பக் கூடாது.

எங்கோ நின்றுபோனால்? அங்கேதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. பளபளப்பு இல்லாமல் மங்கிக் கிடக்கும் டிரை சால்டர், திருப்பி வைத்த டையோடு, எனாமல் சுரண்டாமல் பற்றவைத்த காயில் கம்பி... முன்பகுதி சரி என்று தெரிந்திருப்பதால், குற்றவாளியைத் தேட வேண்டிய இடம் நாலு அங்குலமாகச் சுருங்கிவிடும். பாடப்புத்தகத்தில் படித்த சர்க்யூட் புரிவதும் அப்போதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல் கரை சிதைந்தது. அதே நாளில் அந்தமானில் தொலைத்தொடர்பு அறுந்தபோது, ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போனும் படகின் விஎச்எஃப் கருவியும் குறைந்த தூரமே எட்டும். பலர் திரும்பவே இல்லை.

ஒரு ஹாம் கிட் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. கடலுக்கான கருவி வேறு, சட்டமும் வேறு. ஆனால் உப்புக்காற்றில் எந்தக் கருவியும் துருப்பிடிக்கும், கெட்டுப்போகும். புயல் நாளில் பழுது பார்க்க ரிச்சி தெருவிலிருந்து ஆள் வரமாட்டார். அன்றைக்குக் கரையில் மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் எடுத்து உட்காரத் தெரிந்த பத்து பேராவது வேண்டாமா?

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஓடுகிற போர்டுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், எங்கே நின்றது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதிய நோட்டுக்கும் மதிப்பெண் போடட்டும். விலைக்கு வாங்கிய போர்டுக்கு அப்படி ஒரு நோட்டு எழுத வராது!