எல்லாம் போனில் வருகிறதா?

போன மாதம் ராயபுரம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் என் டிவிடி பிளேயரும், ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிக்களும் இருந்தன. பழைய பேப்பர்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டு மகன் கேட்டான்: "எதுக்குப்பா இந்தக் குப்பை? இப்பதான் எல்லாம் போன்லயே வருதே."

அந்த "எல்லாம்" என்ற சொல்மேல்தான் எனக்குச் சண்டை.

ஓடிடிக்கு நாம் கட்டுவது வாடகை. படம் நம்முடையது அல்ல. அவர்களுடைய உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த படம் இன்று இருக்காது. பாதி பார்த்து வைத்திருந்தாலும் போனது போனதுதான். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்த டிவிடியை யாரும் வந்து எடுத்துப்போக முடியாது.

தரமாவது கூடியதா என்றால் அதுவும் இல்லை. டிவிடியில் படம் அதிகபட்சம் 576 கோடுகள், புளூரேயில் 1080. சிவப்பு லேசருக்குப் பதிலாக அலைநீளம் குறைந்த நீல ஊதா லேசர் என்பதால் எழுத்து நுணுகியது. 4.7 ஜிபி பிடித்த அதே அளவுத் தகட்டில் ஒரே அடுக்கில் 25 ஜிபி பிடித்தது. இணையத்தில் அனுப்பும்போது படத்தை நன்றாகப் பிழிந்துதான் அனுப்புகிறார்கள். இருட்டுக் காட்சியில் திரை கட்டம் கட்டமாக உடைவதைப் பாருங்கள், புரியும்.

இந்தப் புளூரேவுக்காக ஒரு போரே நடந்தது. 2006-ல் எச்டி டிவிடி என்ற போட்டித் தகடும் சந்தைக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் அதன் தலைவாசலான தோஷிபாவே கைவிட்டது. ஆனால் ஜெயித்த புளூரேயும் நம் வீடுகளுக்குள் நுழையவில்லை.

அதில் நம் பங்கும் உண்டு. பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜாரில் திருட்டு விசிடி வாங்காதவர் இந்த ஏரியாவில் எத்தனை பேர்? 2007-ல் மோசர் பேர் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. ஒரு சாப்பாட்டுக் காசு. அப்போதும் ஓசி பிரிண்ட்டைத் தேடிப் போனோம். நானும் போனவன்தான். அசலுக்கு மரியாதை கொடுக்காத நாம், இன்று வாடகைக்காரராக நிற்கிறோம்.

சரி, சினிமா போகட்டும். அந்தப் பெட்டியில் 2005-ல் நடந்த என் மகள் கல்யாண டிவிடி இருந்தது. பந்தியில் என் மனைவி இலை இலையாகப் போய், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?" என்று கேட்கிறாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குரல் எந்த ஓடிடியில் வரும்? மகன் பதில் பேசவில்லை. பேப்பர்காரர் வெறும் செய்தித்தாளோடு போனார்.

பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்தது. ரிச்சி தெருவில் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தார்கள். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் செருக இடமில்லை. அதற்கு ஒரு கன்வர்ட்டர் வாங்க வேண்டியிருந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் வாங்கிய சினிமா டிவிடி அச்சடித்தது. கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது சாயத்தில் பதிவு செய்தது. வெயிலிலும் வெக்கையிலும் அந்தச் சாயம் வெளுக்கும். நம் கடற்காற்றின் உப்பு பிளேயரையும் அரிக்கும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போதே இரண்டு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, ஒன்றைப் பிள்ளை வீட்டிலும் ஒன்றைப் பெண் வீட்டிலும் வையுங்கள். அதன் பிறகும் தகட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

குப்பை எது என்று பேப்பர்காரர் வந்து நிற்கும் நேரத்தில் முடிவு செய்யக் கூடாது. ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.