எந்தத் தாய் பொறுப்பில்லாதவள்?

பூமியின் தென்கோடியிலே அண்டார்டிகா என்று ஒரு கண்டம் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. ஊர் இல்லை, வயல் இல்லை, நிரந்தரமாகக் குடியிருக்கும் ஜனங்களும் இல்லை. விஞ்ஞானிகள்தான் ஆராய்ச்சிக்காகப் போய்த் தங்குகிறார்கள். நம் நாட்டுக்கும் அங்கே மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் உண்டு.

இந்தக் கண்டத்துக்குத்தான் இப்போது சீமான்கள் பெண்டு பிள்ளைகளோடு உல்லாசப் பிரயாணம் போகிறார்கள்! அர்ஜென்டினா தேசத்தின் உஷுவாயா துறைமுகத்தில் கப்பல் ஏறி, கொந்தளிக்கும் டிரேக் கடலை இரண்டு நாளில் தாண்டி, பிள்ளைக்குப் பென்குயின் பறவையைக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். தலைக்குப் பல லட்சம் ரூபாய் செலவு. 1966-இல் லிண்ட்பிளாட் என்ற சுற்றுலா வியாபாரி தொடங்கி வைத்த தொழில் இது. இன்று ஒரு பருவத்தில் லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள்.

"பச்சைப் பிள்ளையை இப்படிப்பட்ட கடலுக்கு இழுத்துப் போகலாமா?" என்று அந்தத் தகப்பன்மாரை யாராவது கண்டித்ததுண்டா? கிடையாது. தைரியம் வளருமாம், உலக அறிவு வளருமாம்! புகழ்ச்சிதான்.

இப்போது போடிநாயக்கனூருக்கு வாருங்கள். காய் எடுக்கும் பருவம். விடியற்காலை ஐந்து மணி இருட்டு. ஜீப்பு வந்து நிற்கிறது. பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினைந்து, இருபது பேர். மடியிலே ஒரு பிள்ளை, காலிடுக்கிலே ஒரு பிள்ளை. வளைவுக்கு வளைவு உருண்டு, போடிமெட்டுச் சாவடி தாண்டி, பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அங்கே மழை, குளிர், அட்டைக்கடி. பூச்சி மருந்து அடித்த செடி மூட்டிலேதான் பிள்ளை உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்து அதே ஜீப்பில் திரும்பும்.

இந்தத் தாய்க்கு என்ன பட்டம் கிடைக்கிறது? பொறுப்பில்லாதவள்! கூலிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை மலைக்கு இழுத்துப் போகிறவள்! ஆபீஸர் சொல்கிறார், பென்ஷன் வாங்கும் பெரிய மனிதர் சொல்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம் தோழர்களிலும் சிலர் சொல்கிறார்கள்.

ஒரு பெண் தொழிலாளியிடம் நானே கேட்டேன். "விட்டுட்டுப் போனா யாருண்ணே பாப்பா? பால்வாடி தொறக்குறதுக்குள்ள ஜீப்பு மேட்டத் தாண்டிருமே!" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆபத்து இரண்டு பிரயாணத்திலும் உண்டு. ஆனால் பாதுகாப்பு? பனிக்கண்டத்தில் ஒரே சமயத்தில் 100 பிரயாணிகளுக்கு மேல் கரையில் இறக்கக் கூடாது என்பது விதி. வழிகாட்டி உண்டு, டாக்டர் உண்டு, ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டு. 2007 நவம்பர் 23-ஆம் தேதி 'எக்ஸ்ப்ளோரர்' என்ற கப்பல் அங்கே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. கப்பலில் 154 பேர். உயிர்காப்புப் படகுகளில் இறங்கிக் காத்திருந்தார்கள். சில மணி நேரத்தில் நார்வே தேசத்துக் கப்பல் ஒன்று வந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது. ஒருவரும் சாகவில்லை. நல்லது, சந்தோஷம்!

நம் மலைக்கு அந்தப் பக்கம், மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, தூங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மீது மலை சரிந்தது. 70 உயிர். எல்லாம் நம் தமிழ் ஜனங்கள், அவர்களில் எத்தனை பிள்ளைகள்! கரண்டு இல்லை, போன் இல்லை. சேதி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆகிவிட்டது. உலகத்தின் கடைக்கோடிக் கடலுக்குச் சில மணி நேரத்தில் உதவி வருகிறது. மூணாறு டவுனுக்குப் பக்கத்து லயத்துக்கு ராத்திரி முழுவதும் வரவில்லை!

குரங்கணியை மறக்க முடியுமா? 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டார்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் சீமான்கள் அல்ல, பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர்கள். சர்க்கார் ஒரு நபர் கமிஷன் போட்டது. முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தது யார்? அந்த மலை ஜனங்கள்! பொறுப்பில்லாதவர்கள் என்று பட்டம் வாங்கிய அதே ஜனங்கள்!

சட்டம் இல்லாமலா? 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் இருபது பேர் இருந்தால், முதலாளி குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும் என்றது அது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் தொகுப்புச் சட்டங்களைக் கொண்டுவந்து அதை விழுங்கிவிட்டது. புதியதிலும் ஐம்பது பேர் என்ற வரம்பு உண்டு. முப்பது ஆள் வைத்துக் காய் எடுக்கும் சின்னத் தோட்டக்காரருக்கு எந்தக் கவலையும் இல்லை. அதோடு இன்னொரு கூத்து: நாம் குடியிருப்பது ஒரு ராஜ்யம், வேலை செய்வது இன்னொரு ராஜ்யம். இங்கே கேட்டால் அங்கே போ என்கிறார்கள், அங்கே கேட்டால் இங்கே போ என்கிறார்கள்.

நம் சங்கத்தின் மேலும் குற்றம் உண்டு. கூலிக்கும் போனஸுக்கும் கிழிந்த தொண்டை, பிள்ளைகளுக்காக அவ்வளவு கிழியவில்லை.

பணக்காரன் பிள்ளை பனிக்கடலைப் பார்க்கிறதே என்று நமக்குப் பொறாமை இல்லை. பார்க்கட்டும்! லெனின்கிராடுத் தொழிலாளிகள் கட்டிய 'ஆர்க்திகா' கப்பல்தான் 1977 ஆகஸ்ட் 17-ஆம் தேதி பனியை உடைத்துக்கொண்டு முதன்முதலில் வடதுருவத்தை எட்டியது. சோவியத் நாடு விழுந்த பிறகு, அதே மாதிரிக் கப்பல்களில் டாலர் வாங்கிக்கொண்டு வடதுருவத்துக்கு டிக்கட் விற்றார்கள். கட்டியவன் பிள்ளை கரையிலே, டாலர்காரன் பிள்ளை கப்பலிலே! கொழுக்குமலைச் சூரியோதயத்தைப் பார்க்க வெளியூரார் ஜீப்பு ஜீப்பாக வருகிறார்கள். அந்த மலையடிவாரத்துக் கூலிக்காரன் பிள்ளை கடலையே பார்த்ததில்லை. போடிக்கு 2023 ஜூன் 15-இல் ரயில் திரும்பி வந்தது. மதுரையில் வண்டி மாறினால் ராமேஸ்வரம். பள்ளிப் பிள்ளைகளைச் சர்க்கார் செலவில் ஒரு நாள் அழைத்துப் போனால் கஜானா காலியாகிவிடுமா?

காய் எடுப்புப் பருவம் முழுவதும் தொழிலாளர் தெருக்களில் பால்வாடியை விடியற்காலை 5 மணிக்குத் திறக்க வேண்டும். கூடுதல் ஆயாவைச் சம்பளத்தோடு போட வேண்டும். போடிமெட்டு தாண்டித் தோட்டங்கள் வரை, இரண்டு சர்க்கார்களும் பேசிக்கொண்டு, தொழிலாளர் பஸ் விட வேண்டும். ஆட்களை எண்ணாமல், பிள்ளைகளை எண்ணிக் காப்பகம் வைக்க வேண்டும். மனு எழுதியாகிவிட்டது. ஜீப்பு ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் தெருத்தெருவாகக் கையெழுத்துக்கு வருகிறோம்.