பகுதி மூட்டு மாற்று ஏன் தோற்கிறது?



முழங்காலில் தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்று, முழு மாற்றைவிட அதிகமாக மறு அறுவைக்குப் போகிறது என்பது உண்மை. பிரிட்டனின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வின்படி, எட்டு ஆண்டுகளில் இது சுமார் இரு மடங்கு. உலோகம் எலும்பிலிருந்து தளர்கிறது, மறுபக்கக் குருத்தெலும்பு தேய்கிறது, சில வகைகளில் நடுவிலுள்ள பிளாஸ்டிக் தகடு நழுவுகிறது. அதற்காக இந்தச் சிகிச்சையையே ஒதுக்குவது தவறு. அதே ஆய்வில் உயிரிழப்பும் பக்கவாதமும் பகுதி மாற்றில்தான் குறைவு. மறு அறுவை கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பகுதி மாற்றை முழு மாற்றாக்குவது பெரும்பாலும் எளிது என்பதால், வலி என்றதும் மருத்துவர்கள் கத்தியை எடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் கீழ் எலும்பில் பொருத்திய உலோகத் தகட்டின் அடியில் தெரியும் மெல்லிய கறுப்புக் கோடு பல நேரங்களில் தீங்கற்றது. அதையும் தளர்வென்று படித்துத் திறந்த மூட்டுகள் உண்டு.

காரணம் எதுவானாலும் நோயாளிக்கு அது இரண்டாவது அறுவைதானே என்று கேட்பது நியாயம். ஆனால், தம் முழங்கால் மாற்றுகளில் ஐந்தில் ஒன்றையாவது பகுதி மாற்றாகச் செய்யும் மருத்துவர்களிடம் மறு அறுவை தெளிவாகக் குறைவதைப் பதிவேட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எப்போதாவது செய்யும் கைகளில்தான் தோல்வி கூடுகிறது. ஆகவே அறுவைக்கு ஒப்புதல் தருமுன், ஆண்டுக்கு எத்தனை பகுதி மாற்றுகள் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் வாசகர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.