தேர் இழுக்க லோரி இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு வேன் இல்லையா?

கம்போங் மேடான் பக்கத்துல கோயில் தொண்டு செய்யுற நாங்க சில பேர் சேர்ந்து எழுதுறோம். கோவம் வந்தா வரட்டும்.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைங்க குறையுதுன்னு செய்தி வந்தா போதும், வாட்ஸ்அப்பில் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பிச்சிடுறோம். தாய்மொழிப் பள்ளி அரசியலமைப்புக்கு விரோதம்னு வழக்கு போட்டாங்க. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளியது. கோர்ட்டு மூடச் சொல்லல. அப்போ வகுப்பைக் காலி பண்றது யாரு?

பிறப்பு குறைஞ்சது உண்மைதான். ஆனா சீனப்பள்ளியைப் பாருங்க. 2020-இல் அங்கே நூத்துக்கு 15 பேர் பூமிபுத்ரா பிள்ளைங்க. நம்ம பிள்ளைங்களும் அங்கே போறாங்க. தமிழ்ப்பள்ளிக்கு அப்படி வெளியிலிருந்து அதிகம் பேர் வந்து சேர மாட்டாங்க. நாம அனுப்பினாத்தான் உண்டு.

தோட்டத்தில் இருந்தப்போ கோயிலும் பள்ளியும் பக்கத்துல பக்கத்துல. பிள்ளைங்க நடந்தே போகும். தோட்டத்தை வித்தாங்க. சீபோர்ட் தோட்டத்துப் பள்ளி இப்போ கிளானா ஜெயாவில், எஃபிங்ஹாம் பள்ளி பண்டார் உத்தாமாவில். சனம் மட்டும் கம்பத்து வீட்டுக்கும் அப்புறம் பிளாட்டுக்கும் வந்து சேர்ந்துச்சு. பள்ளி ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். இங்க தேசியப் பள்ளிக்குப் பிள்ளை நடந்தே போயிடும்; தமிழ்ப்பள்ளின்னா வேன் வேணும்.

பிளாட்டில் ஒரு தங்கச்சி, நைட் ஷிப்ட் வேலை, ரெண்டு பிள்ளை. "தமிழ் வேணாம்னு இல்லண்ணே, வேன் காசுக்கு எங்க போவேன்?"னு கேட்டுச்சு. எங்களால பதில் சொல்ல முடியல. ஏன்னா அந்த வாரம்தான் திருவிழாவுக்கு கூடாரம், ஒலிபெருக்கி, ரதம் இழுக்க லோரி எல்லாத்துக்கும் காசு எண்ணிக் கொடுத்தோம்.

இதைக் கூட்டத்தில் எடுத்தோம். "கோயில் பணம் சாமிக்கு"ன்னு ஒருத்தர் முடிச்சிட்டார். அன்னதானத்தில் மிஞ்சின சோத்தைக் கொட்டுனதும் சாமி பணம்தானே ஐயா? மேடையில் தமிழ் வாழ்கன்னு கத்துற அவர் பேரப்பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்குதுன்னு நாங்க கேட்கல. எங்களிலேயே ரெண்டு பேர் பிள்ளைங்களை வேற பள்ளிக்குத்தான் அனுப்பினோம். மறைக்கல.

ஒரு வேன் போதும். காலையில ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது "பள்ளி வேன்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி மறுபடியும் கேட்போம். பால்குடம் எடுக்க வர்றவங்க அன்னைக்கும் வந்து கை தூக்குங்க.