மூடி வைத்தால் தூங்க வேண்டாமா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனுக்குப் பழைய திங்க்பேட் டி460 மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தாராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்த இயந்திரத்தின் செயலியை ஏற்பதில்லை. ஆகவே பையன் லினக்ஸ் போட்டுவிட்டான். "ராத்திரி நிறையச் சார்ஜ் ஏற்றி மூடி வைக்கிறான். காலையில் பஸ் ஏறும்போது செத்துக் கிடக்கிறது. பரீட்சை நெருங்குகிறது, புதிதாக வாங்கக் கையில் வெள்ளி இல்லை. இதைத் தலைமுழுகிவிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி. அது நல்ல உழைப்பாளி இயந்திரம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதில் குறையில்லை. ஆனால் மடிக்கணினி செய்கிறவர்களில் பெரும்பாலோர் விண்டோஸை வைத்துத்தான் சோதித்துப் பார்த்து விற்கிறார்கள். மின்சாரத்தை எப்போது எந்த உறுப்புக்கு நிறுத்துவது என்ற குறிப்பு, இயந்திரத்துக்குள்ளேயே ஏசிபிஐ என்ற முறைப்படி எழுதப்பட்டிருக்கும். இந்த முறை 1996 டிசம்பரில் வெளிவந்தது. அந்தக் குறிப்பை அரைகுறையாக எழுதி வைத்தால், லினக்ஸ் என்ன செய்யும் பாவம்!

முதலில், மூடியதும் இயந்திரம் உண்மையிலேயே தூங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திங்க்பேட் மூடியின்மேல், பெயரில் உள்ள 'ஐ' எழுத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. தூங்கினால் அது மெதுவாக மினுக்கும். விடாமல் எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளித்திரையைச் செருகியபடி மூடினால் பெரும்பாலான லினக்ஸ் தூங்காது. பெரிய திரையில் வேலை நடக்கட்டும் என்று விட்டுவிடும். அப்படியே பைக்குள் வைத்தால் சூடாகிச் சார்ஜும் போய்விடும்.

தூக்கத்திலும் இரண்டு வகை. ஒன்று ஆழ்ந்த தூக்கம்: நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். மற்றது கோழித்தூக்கம்: எல்லாம் சும்மா இருக்கும், ஆனால் முழுதாக அணையாது. ஏதாவது ஓர் உறுப்பு அடங்க மறுத்தால் போதும், விடிவதற்குள் பேட்டரி காலி. 'சிஸ்' அடைவுக்குள் 'பவர்', அதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்ற கோப்பைத் திறந்து பார்க்கலாம். (ஆங்கிலத்தில் தட்ட வேண்டியதை இங்கே ஒலியாகத் தருகிறேன், பையனுக்குப் புரியும்.) சதுர அடைப்புக்குள் 'டீப்' நின்றால் ஆழ்ந்த தூக்கம், 'எஸ்2ஐடில்' நின்றால் கோழித்தூக்கம். டி460-இல் 'டீப்' கிடைக்கும். 2018-க்குப் பின் வந்த திங்க்பேட் சிலவற்றில், பயாஸ் அமைப்புக்குள் போய் 'ஸ்லீப் ஸ்டேட்' என்ற இடத்தில் 'லினக்ஸ்' என்று மாற்றினால்தான் அது வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காலையில் சார்ஜ் இல்லையென்றால், பேட்டரியையே சந்தேகப்பட வேண்டும். 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற செயலி, செய்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது மிஞ்சியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே போயிருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவுதான். இந்த மாடலில் பேட்டரி இரண்டு: ஒன்று உள்ளே, இன்னொன்று பின்புறம் கழற்றக்கூடியது. பின்புறத்ததை மட்டும் மாற்றினாலே வகுப்பு நேரத்தை ஓட்டிவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள், அமுக்கிப் பார்க்க வேண்டாம். தீப்பிடிக்கும்.

நல்ல பேட்டரியைக் காப்பாற்ற டிஎல்பி என்ற இலவசக் கருவி உண்டு. திங்க்பேட்டில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தச் சொல்லலாம். எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு இது நல்லது. 'பவர் புரொஃபைல்ஸ் டீமன்' என்ற இன்னொன்று சில லினக்ஸில் கூடவே வரும். இரண்டையும் ஒன்றாக ஓட விட்டால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். எனக்கு டிஎல்பிதான் பிடிக்கும். பவர்டாப் என்ற கருவி எந்தச் செயலி மின்சாரத்தைத் தின்கிறது என்று காட்டும். அதன் யோசனையையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால் யுஎஸ்பி மவுஸ் அடிக்கடி தூங்கிப்போகும்.

வைஃபை வரவில்லை என்று ஈப்போ நேயர் ஒருவர் கேட்டிருந்தார். பிராட்காம் சில்லு என்றால் தனியாக ஃபர்ம்வேர் தேவைப்படலாம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் பலவகை ஃபர்ம்வேர் நிறுவும் கோப்போடு சேர்ந்தே வருகிறது. பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் யுஎஸ்பி குச்சியில் லினக்ஸை எடுத்துப்போய், கடையிலேயே செருகி ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறத்தல் எல்லாம் பார்த்தபிறகு பணத்தை எடுங்கள்.

கிள்ளான் வாசகரின் அச்சு இயந்திர விவகாரம் அடுத்த இதழில்.