குளிராத குளிரூட்டியும் உங்கள் 18,000 ரூபாவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். இதில் உங்கள் காசுக்கான கணக்கு இருக்கிறது.

எமது பாடசாலை விஞ்ஞான கூடத்தில் 2 அடி மீன் தொட்டி ஒன்று இருப்பது பலருக்கும் தெரியும். சுமார் 60 லீற்றர் நீர், 5 கோல்ட் பிஷ். மே மாதம் ஒரே வாரத்தில் 3 மீன்கள் செத்துப் போயின. நீரின் வெப்பநிலை பகலில் 32 பாகை. தரம் 8 பிள்ளை ஒருத்தி வந்து, "சேர், மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது, தாகமா?" என்று கேட்டாள். தாகமில்லை, மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் இதே முகநூலில் எழுதினார்கள். பழைய மாணவர்களும் பெற்றோரும் இரண்டே நாளில் 18,000 ரூபா சேர்த்துத் தந்தீர்கள். அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் பரகத் செய்வானாக.

அந்தக் காசில் நாங்கள் சிறிய குளிரூட்டி ஒன்றை வாங்கினோம். கடையில் சொன்னது இதுதான்: "சேர், 100 லீற்றர் வரைக்கும் தாங்கும், ஐஸ் மாதிரி ஆக்கிவிடும்." நாங்களும் நம்பினோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் நம்பியிருக்கக் கூடாது. அளந்து பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும். நாங்களோ வாங்கிய பிறகுதான் அளந்தோம். எங்கள் பிழை அது. ஊரில் இன்னும் சிலர் இதே பெட்டியை வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கம்ப்ரசரும் வாயுவும் இல்லாத இந்த வகைக்குள் இருப்பது பெல்டியர் தகடு. மின்னைப் பாய்ச்சினால் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மற்றப் பக்கம் சுடும். அந்தச் சூட்டைச் சின்ன விசிறி ஒன்று வெளியே தள்ளும். மருந்துப் பெட்டியைக் குளிராக வைக்க, காருக்குள் ஒரு போத்தலைக் குளிராக்க இது போதும். 60 லீற்றர் நீர் வேறு விஷயம்.

நாங்கள் செய்த சோதனை எளிமையானது. ஒரு வாளியில் 20 லீற்றர் நீர் எடுத்தோம். வெளிச்சூடு உள்ளே வராமல் சுற்றிலும் மேலேயும் ரெஜிபோம் வைத்து மூடினோம். குளிரூட்டியை 1 மணித்தியாலம் ஓட விட்டோம். வெப்பநிலை அரைப் பாகை இறங்கியது. சாதாரண தரப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: திணிவு, தன்வெப்பக் கொள்ளளவு, வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்க வேண்டும். 20 கிலோகிராம், 4.2, 0.5. விடை 42 கிலோஜூல். அதை 3,600 செக்கனால் வகுத்தால் 12 வாற்றுக்கும் சற்றுக் குறைவு. பிளக்கில் மாட்டும் மீற்றரில் அது இழுத்த மின் 70 வாற்று. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததும் அந்த 70 தான். அது குளிரின் அளவில்லை, கரண்ட் பில்லின் அளவு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நாங்கள் ஏமாந்தோம்.

அடுத்த கேள்வி, எங்கள் தொட்டிக்கு எத்தனை வாற்றுக் குளிர் வேண்டும்? மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ஐஸ் போத்தல்கள் போட்டுத் தொட்டி நீரை வழமையைவிட 3 பாகை இறக்கினோம். பிறகு போத்தல்களை எடுத்துவிட்டு, எவ்வளவு வேகமாக மீண்டும் சூடேறுகிறது என்று பார்த்தோம். முதல் மணித்தியாலத்தில் அரைப் பாகை ஏறியது. 60 லீற்றருக்கு அதே கணக்கைப் போட்டால் 35 வாற்று. அதாவது 3 பாகை குறைவாக வைத்திருக்க ஒவ்வொரு கணமும் 35 வாற்றுச் சூட்டை வெளியே எடுக்க வேண்டும். எங்களிடம் இருப்பதோ 12. அதனால் 1 பாகை இறங்கினாலே பெரிய விஷயம். தொட்டியில் பூட்டி ஒரு நாள் போட்டு, ஒரு நாள் நிறுத்தி, 8 நாள் அளந்தோம். வித்தியாசம் 1 பாகைக்குச் சற்றுக் குறைவு. கணக்கு பொய் சொல்லவில்லை.

மாதம் முழுக்க இரவு பகலாக ஓடினால் இந்தப் பெட்டி 50 அலகு மின்சாரம் எடுக்கும். கட்டணம் படிமுறையில் ஏறுவது எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே 80, 90 அலகில் நிற்கும் ஒரு வீட்டில் இந்த 50 அலகும் விலை கூடிய படியில்தான் போய் விழும்.

மறுகா, செலவில்லாத ஒரு வழியைப் பார்த்தோம். பழைய கணினியிலிருந்து கழற்றிய 2 சின்ன விசிறிகளை ஒரு பழைய அடப்டரில் இணைத்து, நீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி வைத்தோம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் வெளியே பாயாமல் வலை போட்டோம். இரண்டும் சேர்த்து 5 வாற்று. வெப்பநிலை 32இலிருந்து 29.5 ஆக இறங்கியது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. உம்மாமார் மண்பானையில் நீர் வைத்த அதே விஞ்ஞானம்தான். 1 லீற்றர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டிக் கண்ணாடியில் பேனையால் கோடு போட்டுப் பார்த்தோம். விசிறி இல்லாமல் ஒரு நாளில் 4 மில்லிமீற்றர் குறைந்தது, விசிறியோடு 10. கூடுதலாக ஆவியானது ஏறத்தாழ 1 லீற்றர். அதை வாற்றில் சொன்னால் 28. அதாவது 70 வாற்று இழுத்த பெட்டி 12 தந்தது, 5 வாற்று இழுத்த விசிறி 28 தந்தது.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். நாங்கள் விசிறி வைத்தது ஜூனில், கச்சான் காற்று வீசும் காலத்தில். காற்று காய்ந்திருந்தால் நீர் விரைவாக ஆவியாகும். ஏப்ரல், மே புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது இந்த விசிறி இவ்வளவு வேலை செய்யாது. குறைந்த நீரை ஒவ்வொரு நாளும் நிரப்பவும் வேண்டும். நீர் ஆவியாகும், அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கும். ஆகவே நிரப்பினால் மட்டும் போதாது, கிழமைக்கு ஒரு தடவை ஒரு பகுதியை வெளியே எடுத்துப் புது நீரும் விட வேண்டும்.

கம்ப்ரசர் வகை எப்படி? ஊரில் ஒருவர் வீட்டில் உப்புநீர்த் தொட்டிக்குப் பூட்டியிருந்ததை, அவர் அனுமதியோடு அளந்தோம். 40 லீற்றர் நீரை 1 மணித்தியாலத்தில் 4.5 பாகை இறக்கியது. 210 வாற்றுக் குளிர். எடுத்த மின் 130 வாற்று. எடுத்ததைவிடக் கூடுதலாக எப்படித் தரும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது குளிரை உண்டாக்கவில்லை, சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போடுகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் அதே வேலை. தேவையான அளவுக்கு இறக்கியதும் தானாக நின்றுவிடும். நாளைக்கு 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 31 அலகு. மாதச் செலவு பெல்டியர் பெட்டியைவிடக் குறைவு. ஆனால் வாங்கும் விலை பல மடங்கு.

எங்கள் கருத்து இதுதான். எமது ஊரின் சூட்டில், 60 லீற்றர் தொட்டிக்குச் சின்னப் பெல்டியர் பெட்டி வாங்குவது வீண்விரயம். முதலில் விசிறியும் காற்றுப் பம்பும். அதற்குப் பிறகும் போதாவிட்டால், பொறுத்திருந்து காசு சேர்த்துக் கம்ப்ரசர் வகை. அதற்கும் வழியில்லாவிட்டால், குளிர் தேவைப்படும் மீனை வாங்காமல் விடுவது. கப்பி, மொலி, கௌராமி போன்றவை எமது வெப்பத்துக்குப் பொருந்தும். கோல்ட் பிஷ்சுக்கு 18 முதல் 24 பாகை வரை நல்லது. அது கேட்கும் குளிர் நுவரெலியாவில் கிடைக்கும், எங்கள் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே கிடைக்காது.

காற்றுப் பம்பு ஏன் என்று கேட்கலாம். 1 லீற்றர் நன்னீர் 20 பாகையில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 32 பாகையில் அது 7க்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். சூட்டில் மீனின் உடலோ கூடுதல் ஒட்சிசன் கேட்கும். தேவை கூடும்போது வரவு குறைகிறது. அந்தப் பிள்ளை பார்த்தது இதைத்தான். அதுவும் 60 லீற்றரில் 5 கோல்ட் பிஷ் வளர்த்ததே எங்கள் முதல் பிழை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையில் இவற்றைக் கேளுங்கள்:

1. இழுக்கும் வாற்று எத்தனை, குளிரூட்டும் வாற்று எத்தனை? இரண்டாவது எண் பெட்டியிலோ கைநூலிலோ இல்லாவிட்டால் யோசியுங்கள்.

2. 1 மணித்தியாலம், 20 லீற்றர் வாளியில் ஓட்டிக் காட்டுவீர்களா? ஒரு வெப்பமானியைக் கையோடு கொண்டு போங்கள்.

3. நீர் படும் உலோகம் என்ன? செம்பு இறாலுக்கும் முருகைக்கல் உயிர்களுக்கும் நஞ்சு. அலுமினியத்தை உப்புநீர் அரிக்கும். உப்புநீருக்கு டைட்டேனியம் வேண்டும்.

4. வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள்? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் அது இல்லை, பெட்டியைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

இன்னொன்று. குளிரூட்டியைத் தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைத்து மூடாதீர்கள். அது வெளியே தள்ளும் சூடு மீண்டும் தொட்டிக்கே போகும். மின்வெட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். குளிரில் பழகிய மீனுக்கு அப்படியொரு நாள் வந்தால், உறையவைத்த நீர்ப் போத்தல் ஒன்றுதான் கைகொடுக்கும். 1 லீற்றர் ஐஸ் போத்தல் 60 லீற்றர் நீரை 2 பாகை அளவுக்கு இறக்கும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் போட வேண்டாம். திடீர் மாற்றம் சூட்டைவிடக் கெடுதல்.

"ஒரு மீனுக்கு இவ்வளவு கணக்கா சேர்?" என்று ஒரு நானா கேட்டார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸ் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குள் அடைத்த உயிரும் தானாகப் போய் நிழல் தேட முடியாத உயிர்தான். அதை அடைத்தது நாங்கள். அதோடு இது நீங்கள் நம்பித் தந்த காசு, அமானிதம். ஒரு மீனுக்காவது கணக்குப் பார்க்கப் பழகாத பிள்ளை, நாளை பெரிய காசுக்கு எப்படிக் கணக்குப் பார்க்கும்?

இப்போதைய நிலை: இரண்டு கோல்ட் பிஷ்ஷும் உயிரோடு இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். விசிறியும் காற்றுப் பம்பும் ஓடுகின்றன. அவை இருக்கும்வரை பார்த்துக்கொள்வோம், புதிதாகக் கோல்ட் பிஷ் வாங்க மாட்டோம். குளிரூட்டி விஞ்ஞான கூடத்தில் இருக்கிறது. வெப்பப் பாடம் நடக்கும்போது தரம் 10, 11 பிள்ளைகள் அதே வாளிச் சோதனையைத் தாங்களே செய்யப் போகிறார்கள். உங்கள் 18,000 ரூபாவில் மீன் குளிரவில்லை. பாடமாவது மிஞ்சட்டும் என்று நினைக்கிறோம். அப்படியும் காசைத் திருப்பிக் கேட்க விரும்புகிறவர்கள் தயங்காமல் பாடசாலைக்கு வாருங்கள். பொறுப்பான ஆசிரியர்கள் நாங்கள் எங்கள் கையால் தருவோம்.

வாங்க நினைக்கிறவர்கள் வாளியும் வெப்பமானியும் இரவல் கேட்டாலும் தருவோம்.

வஸ்ஸலாம்.